பாட்டு அதிர்கிறது, தொகுப்பாளர் பேச்சு கேட்கவில்லை: புது கேபிள் தேவையா?

கேள்வி: டிவியில் இசை விழா பார்க்கும்போது பாட்டும் கைதட்டலும் வீட்டையே அதிரவைக்கின்றன. தொகுப்பாளர் பேசினால் ஒன்றும் விளங்குவதில்லை. வாயசைவும் குரலும் பொருந்துவதில்லை. சவுண்ட்பாரை ஆப்டிகல் ஒயரில் இணைத்திருக்கிறேன். தங்கமுலாம் பூசிய எச்டிஎம்ஐ கேபிள் போட்டால் சரியாகும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். டிஜிட்டல் கேபிளில் கோளாறு வந்தால் படத்தில் புள்ளி தெறிக்கும், திரை கறுக்கும், ஒலி விட்டுவிட்டு வரும். குரலை மட்டும் அமுக்கவோ தாமதப்படுத்தவோ அதற்குத் தெரியாது. கேபிளில் தீரவில்லை என்று நீங்கள் திரும்பிப் போனால், அதே கடையில் புது சவுண்ட்பார் காத்திருக்கும்.

பேச்சு அமுங்குவதற்குப் பெரும்பாலும் 'சர்ரவுண்ட்' மோடுதான் காரணம். அது இடது, வலது ஒலிகளுக்கு இடையிலான வித்தியாசத்தைப் பெருக்கிக் காட்டும். கூட்டத்தின் ஆரவாரம் இரு பக்கமும் வேறுபடும், அதனால் விரியும். தொகுப்பாளர் குரல் இரண்டிலும் ஒன்றே, அதனால் பின்னுக்குப் போகும். டிவி, சவுண்ட்பார் இரண்டிலும் 'ஸ்டாண்டர்ட்' வையுங்கள். செட்டாப் பாக்ஸின் ஆடியோ அவுட்புட்டை 'பிசிஎம்' (சுருக்காத சாதாரண ஒலி) ஆக்குங்கள். போதாவிட்டால், உரத்த ஒலியைத் தணித்து மெல்லிய ஒலியை உயர்த்தும் 'நைட் மோட்' போடுங்கள். 'கிளியர் வாய்ஸ்' பேச்சைத் தெளிவாக்கும், ஆனால் பாட்டு தகரம் தட்டினாற்போல் ஆகிவிடும்.

ஒலி அளவுக்கு விதியே இல்லையா என்றால், இருக்கிறது. ஐரோப்பிய ஒளிபரப்பு ஒன்றியத்தின் ஆர்128 பரிந்துரை 2010-லேயே வந்துவிட்டது. அது சொல்லும் -23 எல்யூஎஃப்எஸ் (காதுக்கு எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதை அளக்கும் அலகு) முழு நிகழ்ச்சிக்கும் சேர்த்த சராசரி. பாட்டு அலறி, பேச்சு முனகினாலும் கணக்கு சரியாக இருக்கும். கேட்கிறவர் ரிமோட்டும் கையுமாக உட்கார வேண்டியதுதான்.

இனி வாயசைவு. படத்தை மெருகேற்ற டிவிக்குச் சற்று நேரம் பிடிக்கும். தன் சொந்த ஸ்பீக்கரை அதுவரை நிறுத்திவைக்கும். ஆப்டிகலில் போகும் ஒலியைப் பல டிவிகள் அப்படி நிறுத்துவதில்லை. ஆகவே ஒலி முந்துகிறது. 34 மீட்டர் தள்ளி அடித்த பறை நமக்கு 0.1 விநாடி கழித்தே கேட்கும். ஒலி பிந்துவது காதுக்குப் பழக்கம், முந்துவதுதான் உறுத்தும். தொகுப்பாளரை அண்மைக் காட்சியில் காட்டும்போது ப, ம ஒலிகளுக்கு உதடு மூடுவதைக் கவனியுங்கள். ஒலியைத் தாமதப்படுத்தும் 'ஆடியோ டிலே'யை 20 மில்லிவிநாடி வீதம் கூட்டிப் பொருத்துங்கள். (ஒரு கம்பெனி இதை 'லிப் சிங்க்' என்று சொல்லும், இன்னொன்று 'ஏவி சிங்க்' என்று நாலு மெனுவுக்கு அடியில் புதைத்திருக்கும்.) பாடகரை வைத்துப் பொருத்தாதீர்கள், அவர் பதிவு செய்த பாட்டுக்கு வாயசைக்கலாம்.

புளூடூத் ஹெட்ஃபோனுக்கு மட்டும் இதைச் செய்யவே கூடாது. அங்கே ஒலி முந்துவதில்லை, பிந்துகிறது, சாதாரணமாகவே 0.15 முதல் 0.25 விநாடி வரை. டிலேயைக் கூட்டினால் இன்னும் பிந்தும். யாரோ சொன்னார்கள் என்று 'கேம் மோட்' போட்டால் படம் வேகமாக வந்து இடைவெளி மேலும் கூடும். டிலே ஏற்கெனவே ஏற்றியிருந்தால் பூஜ்யத்துக்கு இறக்குங்கள். அப்படியும் பிந்தினால் ஒயர் உள்ள ஹெட்ஃபோன்தான் வழி.

எதையும் மாற்றுமுன் ஒரு செய்திச் சேனலைப் பாருங்கள். அங்கே உதடு பொருந்தி, விழாச் சேனலில் மட்டும் தப்பினால் கோளாறு அனுப்புகிறவர்களிடம். சேனலை மாற்றித் திரும்புங்கள், இல்லையேல் பாக்ஸை அணைத்துப் போடுங்கள். டிலேயைத் தொட்டால் மற்ற சேனல்களும் கெடும்.