நைட்ரிக் ஆக்சைடு மாத்திரை சாப்பிட்டால் ஞாபகசக்தி கூடுமா?

கூடும் என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை. நைட்ரிக் ஆக்சைடு ஒரு வாயு. அந்தப் பெயரில் விற்கும் மாத்திரைகளில் பெரும்பாலும் இருப்பது அதன் மூலப்பொருளான ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம். ஏனென்று புரிய, மூளையில் இந்த வாயு எப்படி உருவாகிறது என்று பார்க்க வேண்டும்.

நரம்பணுக்களுக்கு இடையே செய்தி கடத்தும் குளூட்டமேட் என்ற வேதிப்பொருள் வந்து, நரம்பணுவின் மேலுள்ள என்எம்டிஏ என்ற ஏற்பியில் சேர்ந்ததும் கால்சியம் நரம்பணுவுக்குள் நுழைகிறது. ஏற்பியை ஒட்டியே இருக்கும் நைட்ரிக் ஆக்சைடு சின்தேஸ் என்ற நொதி அந்தக் கால்சியத்தால் முடுக்கப்பட்டு, ஆர்ஜினினிலிருந்து வாயுவைத் தயாரிக்கிறது. டோபமைன் போன்ற மற்ற செய்தி கடத்தும் வேதிப்பொருட்களைப் போல இதைப் பைகளில் சேமிக்க முடியாது. சவ்வுகளைத் தாண்டிப் பரவிவிடும். ஆயுள் சில நொடிகள்தான். அதற்குள் செய்தி அனுப்பிய நரம்பணுவுக்கே திரும்பிப்போய், அங்கே சைக்ளிக் ஜிஎம்பி என்ற உள் சமிக்ஞை மூலக்கூறைப் பெருக்குகிறது. நினைவு பதியும்போது இணைப்புகள் வலுப்பட இதுவும் ஒரு வழி.

ஆக, இங்கே சுவிட்ச் கால்சியம். ஆர்ஜினின் வெறும் மூலப்பொருள். நரம்பணுவுக்குள் அது நொதியின் தேவைக்கு மேலேயே இருக்கிறது. மாத்திரையாக விழுங்குவதில் கணிசமான பங்கைக் குடலும் கல்லீரலும் சிதைத்துவிடும். விளம்பரங்களில் இதெல்லாம் வராது.

அளவு மீறினால் இதே வாயு நஞ்சு. பக்கவாதத்தில் ஆக்சிஜன் கிடைக்காத நரம்பணுக்கள் குளூட்டமேட்டைக் கொட்டுகின்றன, கால்சியம் வெள்ளமாக நுழைகிறது. பெருகும் நைட்ரிக் ஆக்சைடு சூப்பர் ஆக்சைடு என்ற வீரியமான ஆக்சிஜன் வடிவத்துடன் சேர்ந்து பெராக்சிநைட்ரைட் என்ற நச்சாகி, அணுவின் ஆற்றல் மையமான மைட்டோகாண்ட்ரியாவையும் டிஎன்ஏவையும் தாக்குகிறது. ஆனால் அதே நேரத்தில் ரத்தநாளச் சுவரில் உருவாகும் நைட்ரிக் ஆக்சைடு நாளத்தை விரித்து மூளையைக் காக்கிறது! நரம்பணு வகை நொதி நீக்கப்பட்ட எலிகளில் பக்கவாதச் சேதம் குறைந்தது. நாள வகை நொதி நீக்கப்பட்ட எலிகளில் கூடியது. நல்லதா கெட்டதா என்பது எங்கே, எவ்வளவு என்பதைப் பொறுத்தது.

பீட்ரூட், கீரையில் உள்ள நைட்ரேட் வேறு வழியில் போகிறது. உமிழ்நீரில் சுரக்கும் நைட்ரேட்டை நாக்கிலுள்ள பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாக்கும். அது பிறகு உடலில் நைட்ரிக் ஆக்சைடாகும். கிருமிநாசினி மவுத்வாஷால் கொப்பளித்தால் அந்த வழி அடைபடும். கிடைக்கும் பலன் பெரும்பாலும் ரத்த அழுத்தம் சற்றுக் குறைவது. நினைவாற்றல் ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை.

ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு, உடலில் நைட்ரிக் ஆக்சைடை வெளியிடும் நைட்ரோகிளிசரின் மருந்தைக் கொடுத்தால், உடனே லேசான தலைவலியும் சில மணி நேரம் கழித்து முழு ஒற்றைத் தலைவலியும் வரக்கூடும். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் சார்பிட்ரேட்டும் இதே வகைதான். ஆண்மைக்குறைவுக்குத் தரும் சில்டெனாஃபில் (வயாகரா) எடுத்து 24 மணி நேரத்துக்குள், அதே வகை மருந்தான டடாலாஃபில் என்றால் 48 மணி நேரத்துக்குள் இவற்றை எடுத்தால் ரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாகச் சரியலாம்.

மாரடைப்பு வந்தவர்கள் ஆர்ஜினினைத் தொடவே வேண்டாம். தினம் 9 கிராம் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வை, ஆர்ஜினின் எடுத்த பிரிவில் மட்டும் 6 பேர் இறந்ததால் இடையிலேயே நிறுத்தினார்கள். முடிவு 2006இல் வெளியானது.