22 கியரா 11 கியரா? மலைக்கும் ஆத்தோரத்துக்கும் டூரிங் சைக்கிள் வாங்கறவங்க கேட்டது

கேள்வி: அண்ணா, ஒரு வார ட்ரிப் போறோம். முதல் ரெண்டு நாள் ஆத்தோரமாவே ரோடு, அப்பறம் காட்டு மலை ஏறி அடுத்த பள்ளத்தாக்குல இறங்கணும். கடையில ரெண்டு சைக்கிள் பாத்து வெச்சிருக்கேன். ஒண்ணு 11 கிலோ, 22 கியர். இன்னொண்ணு 15 கிலோ, 11 கியர் தான். கடைக்காரர் முதல் சைக்கிள் தான் மலைக்கு லாயக்குங்கறார், வெயிட்டும் கம்மி கியரும் டபுள்னு. எடுத்துடலாமா?

பதில்: எடுக்காதீங்க தம்பி. கியர் எத்தனைங்கறது மலைக்கு ஒரு விஷயமே இல்ல, இருக்கறதுலயே லேசான கியர் எவ்வளவு லேசுங்கறது தான் விஷயம். திரும்ப கடைக்குப் போய் ரெண்டு நம்பர் மட்டும் கேளுங்க. பெடல்கிட்ட இருக்கற சின்ன பல்சக்கரத்துல எத்தனை பல்லு, பின்சக்கரத்துல இருக்கற பெரிய பல்சக்கரத்துல எத்தனை பல்லு. அந்த மாதிரி 22 கியர் ரோடு சைக்கிள்ல பெரும்பாலும் முன்னாடி 34, பின்னாடி 28 இருக்கும். 11 கியர் சைக்கிள்ல முன்னாடி 32, பின்னாடி 46 வர்றது சகஜம்.

இப்ப கணக்கு போடுங்க, சக்கரம் ஒரு சுத்து சுத்தினா சுமார் 2.2 மீட்டர் போகும். அத முன்பல்லால பெருக்கி பின்பல்லால வகுங்க. 34 பல்லு 28 பல்லுன்னா பெடல் ஒரு சுத்துக்கு 2.67 மீட்டர். 32க்கு 46ன்னா 1.53 மீட்டர். நிமிஷத்துக்கு 60 தடவை மிதிக்கறீங்கன்னு வெச்சுக்கங்க (அதுக்கும் கீழ போனா முட்டி வலி வரலாம்), முதல் சைக்கிள்ல மணிக்கு 9.6 கிலோமீட்டர் வேகத்துல ஏறியே ஆகணும், ரெண்டாவதுல 5.5 போதும். நீங்க, சைக்கிள், பை எல்லாம் சேத்து 110 கிலோன்னா, 8 சதவீத ஏத்தத்துல (100 மீட்டர் போனா 8 மீட்டர் உயரம்) முதல் வேகத்துக்கு, ஏறறதுக்கு மட்டுமே உடம்பு 230 வாட் குடுக்கணும், ரெண்டாவதுக்கு 130 வாட் சொச்சம். 230 வாட்டை ஒரு மணி நேரம் விடாம குடுக்கறது பழக்கப்பட்ட ரேஸ்காரங்க வேலை, நம்மள மாதிரி ஆளுங்க பாதி ஏத்தத்துல இறங்கி தள்ளிட்டுத் தான் போகணும். ஆனா 4 கிலோ வெயிட் குறையறதால மிச்சமாகறது என்ன தெரியுமா, 110ல 4, அதாவது நூத்துக்கு நாலு கூட இல்ல. கியர்ல மிச்சமாகறது நூத்துக்கு நாப்பதுக்கும் மேல. இதுக்கப்பறமும் வெயிட்டப் பாத்து வாங்குவீங்களா?

இன்னும் ரெண்டு விஷயம் கடையிலயே பாத்துடுங்க. சைக்கிளோட கையேட்டுல மொத்த எடை வரம்புன்னு ஒரு நம்பர் போட்டிருக்கும், அது பெரும்பாலும் சைக்கிள், ஆள், பை மூணும் சேத்து. கேரியர் 25 கிலோ தாங்கும்னு எழுதியிருக்கறதப் பாத்து ஏமாறாதீங்க, கேரியர் தாங்கும், ஃப்ரேம் தாங்கணுமே. வரம்பத் தாண்டி ஏத்தி ஃப்ரேம் விட்டுச்சுன்னா வாரண்டி கேக்கறது கஷ்டம். அடுத்தது, கேரியர் மாட்டற ஸ்க்ரூ ஓட்டை ஃப்ரேம்லயே இருக்கான்னு பாருங்க, இருந்தா ஒரு பையை மாட்டச் சொல்லி ஏறி மிதிச்சுப் பாருங்க. பின்சக்கரம் பெடலுக்கு ரொம்ப கிட்ட இருக்கற சைக்கிள்ல ஒவ்வொரு மிதிக்கும் குதிகால் பையில இடிக்கும், அத கடையில நின்னு பாத்தா தெரியவே தெரியாது.

கேள்வி: ரூட் ஃபைல் (போன்ல வழி காட்டற ஃபைல்) ஒண்ணு காசு குடுத்து வாங்கினேன். 62 கிலோமீட்டர், ஆத்துப் பள்ளத்தாக்கு வழி, ஈஸின்னு போட்டிருந்தது. காலைல கிளம்பி ராத்திரி தான் போய்ச் சேந்தோம், பாதி வழி உடைஞ்ச மண் ரோடு. பணத்தத் திருப்பிக் கேக்கலாமா?

பதில்: வாங்கின பக்கத்துல மொத்த ஏத்தம் (வழி நெடுக ஏறற உயரமெல்லாம் கூட்டினது) எவ்வளவு, ரோடு தாரா மண்ணான்னு எழுதியிருந்ததா, அது தான் கேள்வி. தார் ரோடுன்னு போட்டு மண் ரோடு வந்திருந்தா தாராளமா கேளுங்க. அந்தப் பக்கத்த இப்பவே ஸ்க்ரீன்ஷாட் எடுத்துடுங்க (நாளைக்கு மாத்திடுவாங்க), உங்க ரைடு ரெக்கார்டிங்கயும், ரோடு போட்டோவையும் சேத்து எழுத்துல அனுப்புங்க. வெறும் ஈஸின்னு மட்டும் போட்டிருந்தா அது அவங்க அபிப்ராயம்னு தப்பிச்சுடுவாங்க.

ஆறு சமமா தான ஓடுது, ரோடும் சமமா தான் இருக்கும்னு நினைக்கறது தான் எல்லாரும் பண்ற தப்பு. பள்ளத்தாக்கு குறுகற இடத்துல ஆத்துக்கும் பாறைக்கும் நடுவுல ரோட்டுக்கு இடமே இருக்காது, அதனால ரோடு மேல ஏறி சரிவுல சுத்திட்டு திரும்ப இறங்கும். பக்கத்துல இருந்து வந்து கலக்கற ஒவ்வொரு ஓடைக்கும் ஒரு இறக்கம் ஒரு ஏத்தம். ஒவ்வொண்ணும் 30, 40 மீட்டர் தான், இருபது தடவ வந்தா ஒரு மலை ஏறின கணக்கு. முன்னாடி சொன்ன 110 கிலோ, 130 வாட் கணக்குலயே பாத்தா 1000 மீட்டர் ஏத்தத்துக்கு மட்டும் ரெண்டே கால் மணி நேரம் போயிடும், தூரத்துக்கான நேரம் தனி. ரூட் வாங்கறதுக்கு முன்னாடி மொத்த ஏத்தம்ங்கற நம்பர் இல்லாத ஃபைலத் தொடவே தொடாதீங்க. பழைய ரயில் தடத்த சைக்கிள் பாதையா மாத்தின வழி கிடைச்சா கண்ண மூடிட்டு எடுக்கலாம், ரயில் செங்குத்தா ஏறாதுங்கறதால அந்த வழியும் ஏறாது.

காத்தயும் பாருங்க. வெயில் ஏற ஏற மலைச்சரிவு சூடாகி பள்ளத்தாக்குல காத்து கீழ இருந்து மேல வீசும், ராத்திரி அது திரும்பி மேல இருந்து கீழ வரும். அதனால ஆத்தோட போக்குல இறங்கறதா இருந்தா காலைலயே கிளம்பிடணும், மத்தியானம் போனா இறக்கத்துலயும் மிதிக்க வேண்டி வரும்.

கேள்வி: மழைக்காலத்துல போறோம். கேரியர்ல மாட்டற சாதா பை மேல மழை உறை போட்டா போதாதா? வாட்டர்ப்ரூஃப் பை விலை கூட இருக்கே.

பதில்: ஒரு நாள் பயணத்துக்குப் போதும். ஒரு வாரம்னா போதாது, ஏன்னா மழை மேல இருந்து மட்டும் வர்றதில்ல, பின்சக்கரம் வாரி அடிக்கற தண்ணி பைக்கும் கேரியருக்கும் நடுவுல ஏறும், அந்தப் பக்கத்த உறை மூடாது. வாங்கறப்ப வாய சுருட்டி மாட்டற மாதிரி இருக்கா, ஓரம் தையலா இல்ல உருக்கி ஒட்டினதான்னு பாருங்க. தையல் ஊசி ஓட்டை வழியா எப்பவாவது தண்ணி கசியும். அப்பறம் பையோட கொக்கி. கேரியர் கம்பி தடிமன் கேரியருக்குக் கேரியர் மாறும், கொக்கி லூஸா இருந்தா மண் ரோட்டுல ஆடி ஆடியே தேஞ்சுடும்.

கேரியர் ஸ்க்ரூவ தினமும் காலைல கையால திருகிப் பாருங்க, இத நான் மனசார சொல்றேன். போன மழைக்காலம் காட்டுக்குள்ள ஒரு கல்லு ரோட்டுல இறங்கறப்ப பின்னாடி டக் டக்னு சத்தம், கல்லு தான்னு நினைச்சு விட்டுட்டேன். கொஞ்ச தூரத்துல கேரியர் ஒரு பக்கமா சாஞ்சு டயர உரச ஆரம்பிச்சுது. இறங்கிப் பாத்தா கீழ் ஸ்க்ரூ இருந்த இடத்துல வெறும் ஓட்டை, ஓரத்துல பெயிண்ட் தேஞ்சு வெள்ளையா மின்னுது. பாட்டில் ஸ்டாண்டுல இருந்து ஒரு ஸ்க்ரூவக் கழட்டிப் போட்டோம், சரியாப் பொருந்திச்சு, ரெண்டும் ஒரே 5 மில்லிமீட்டர் சைஸ் தான். அன்னில இருந்து நாலு ஸ்க்ரூ எப்பவும் பையில இருக்கு.

கேள்வி: டிஸ்க் ப்ரேக் தான் வேணுமா? எது நல்லது, ஆயிலா கேபிளா?

பதில்: பை ஏத்திக்கிட்டு ரொம்ப தூரம் இறங்கறதுக்கு டிஸ்க் நல்லது. சக்கர வளையத்தையே பிடிக்கற ரிம் ப்ரேக்க விடாம அழுத்திட்டே இறங்கினா ரிம் சூடாகி ட்யூப் வெடிக்கற அளவுக்குப் போகலாம், ஈர இலை மண்ணெல்லாம் சேந்தா ரிம்மும் அரிச்சுடும். எந்த ப்ரேக்கா இருந்தாலும் லேசா பிடிச்சுக்கிட்டே இறங்காதீங்க, அழுத்திப் பிடிச்சு வேகத்தக் குறைச்சு, விட்டு, ஆற விடுங்க. ஆயில் ப்ரேக்குக்கு விரல்ல பலம் கம்மியா போதும், ஆனா ஆள் இல்லாத காட்டுல ஹோஸ் கசிஞ்சா நம்மால ஒண்ணும் பண்ண முடியாது. கேபிள்னா ஒரு கம்பி மாத்தினா போச்சு. தொலைதூரத்துக்கு நான் கேபிள் பக்கம் தான்.

ப்ரேக்ல டிஸ்க்க உரசிப் பிடிக்கற பேட் ஒவ்வொரு மாடலுக்கும் வேற வடிவம், அதனால உங்க ப்ரேக்குக்கான பேட்ட ஒரு செட் சேத்து வாங்கிடுங்க. மழையும் மணலும் கலந்த ரோட்டுல அது நினைக்கறதுக்கு முன்னாடி தேஞ்சுடும். டயர் வாங்கறப்ப பக்கவாட்டுல இருக்கற நம்பரப் பாருங்க, 42-622ன்னு இருந்தா அகலம் 42 மில்லிமீட்டர், ரிம்ல டயர் உக்கார்ற இடத்தோட விட்டம் 622. 29 இஞ்ச், 700சின்னு பேரு வேற வேறயா இருந்தாலும் ரெண்டும் இந்த 622 தான், 27.5 இஞ்சுக்கு 584.

இன்னொண்ணு, பின் கியர ஃப்ரேமோட சேக்கற சின்ன உலோகத் துண்டு, ஹேங்கர்னு சொல்வாங்க. சைக்கிள் அந்தப் பக்கமா விழுந்தா ஃப்ரேம் உடையாம இது வளையறதுக்குன்னே வெச்சிருக்காங்க, வளைஞ்சா கியர் ஒழுங்கா மாறாது. ஃப்ரேமுக்கு ஃப்ரேம் இதோட வடிவம் மாறும், வழியில தேடினா கிடைக்கறது கஷ்டம். சைக்கிள் வாங்கற அன்னிக்கே அதே கடையில ஒண்ணு கேட்டு வாங்கி, மாட்டிப் பாத்துட்டு எடுத்துட்டு வாங்க.