அவுட்போர்டுக்கு பைக் டூ-டி ஆயில் ஊற்றலாமா?

பங்க்கில் கிடைக்கும் பைக் டூ-டி ஆயிலை 9.9 எச்பி அவுட்போர்டுக்கும் (படகின் பின்னால் மாட்டும் என்ஜின்) ஊற்றலாமா, இரண்டும் டூ ஸ்ட்ரோக்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். வேறு வழியில்லாமல் ஒரு நாள் ஊற்றிக் கரை சேர்ந்தால் ஒன்றும் ஆகிவிடாது. வழக்கமாக்க வேண்டாம். (குளச்சல் பக்கம் படகு ஸ்பேர்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆயில் விற்கத்தான் சொல்கிறேன் என்று நினைத்தாலும் சரி, கேட்டுவிட்டுப் போங்கள்.)

பைக் என்ஜின் காற்றில் ஆறுகிறது, சூடு அதிகம். அந்தச் சூட்டில் கரி ஒட்டாமலிருக்க அதன் ஆயிலில் கால்சியம் போன்ற உலோகச் சேர்மங்களைக் கலக்கிறார்கள். எரிந்தால் அவை சாம்பலாகும். அவுட்போர்டில் இம்பெல்லர் என்ற பம்ப் சக்கரம் கடல்தண்ணீரை இழுத்துச் சிலிண்டரைச் சுற்றி ஓடவிடுவதால் சூடு குறைவு. ஆனால் கரையை விட்டால் வலை போடும் இடம்வரை முழு வேகம்தான். அப்படி ஓடும்போது சாம்பல் பிஸ்டன் தலையில் படிந்து, தணலாகக் கனன்று, பிளக் பொறி விடும் முன்பே எரிபொருளைப் பற்றவைத்துவிடும். பிஸ்டனில் ஓட்டை விழ இது ஒன்று போதும்.

அதனால் கேனைத் திருப்பி டிசி-டபிள்யூ3 (TC-W3) என்று போட்டிருக்கிறதா பாருங்கள். அமெரிக்காவின் படகுத் தொழில் சங்கமான என்எம்எம்ஏ (NMMA) வைத்திருக்கும் தரம் அது. சாம்பல் விடாத ஆயில், உப்புத்தண்ணீரில் துருவையும் தடுக்கும். அனுமதி பெற்ற ஆயிலில் ஆர்எல் (RL) என்று தொடங்கும் எண்ணும் இருக்கும். இந்தத் தரம் இருந்தால் எந்தக் கம்பெனியாக இருந்தாலும் சரி. நீலமா பச்சையா என்பது வெறும் சாயம். எஃப்சி-டபிள்யூ (FC-W) என்று போட்ட கேனை எடுத்துவிடாதீர்கள், அது ஃபோர் ஸ்ட்ரோக் அவுட்போர்டுக்கு.

அடுத்தது அளவு. நம் ஆட்கள் நல்ல ஆயிலை வாங்கிவிட்டுக் கெடுப்பது இங்கேதான். 50-க்கு 1 என்றால் 10 லிட்டர் பெட்ரோலுக்கு 200 மில்லி. பழைய மாடல் சிலதுக்கு 25-க்கு 1, அதாவது 400 மில்லி. உங்கள் என்ஜினின் கையேட்டில் உள்ளதுதான் கணக்கு. புது என்ஜின் பழகும்வரை எவ்வளவு கூட்ட வேண்டும் என்பதும் அதில் இருக்கும். "கொஞ்சம் கூட ஊத்தினா என்ஜினுக்கு நல்லதுதானே" என்று கடையில் கேட்காத ஆளில்லை. நல்லதில்லை. ஆயில் கூடினால் கார்பரேட்டர் வழியே போகும் கலவையில் அந்த அளவுக்குப் பெட்ரோல் குறையும். புகை, கரி தனி. பிளக்கைக் கழற்றிப் பார்த்தாலே தெரியும்: முனை காப்பிப்பொடி நிறத்தில் காய்ந்திருந்தால் சரி. கறுத்து ஈரமாகப் பிசுபிசுத்தால் முதலில் ஆயில் அளவைச் சந்தேகப்படுங்கள். வெளுத்து, பொடி பொடியாக ஒட்டியிருந்தால் என்ஜினை மெக்கானிக்கிடம் காட்டாமல் கடலுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

கலக்கும்போது பாதி பெட்ரோல், அப்புறம் ஆயில், நன்றாகக் குலுக்கிவிட்டு மீதிப் பெட்ரோல். குத்துமதிப்பாக வேண்டாம், அளவுக் குவளை வாங்கிக்கொள்ளுங்கள்.

மண்ணெண்ணெயில் ஓடும் மாடல் என்றால், ஸ்டார்ட் செய்யும் பெட்ரோலிலும் ஆயில் வேண்டும், மண்ணெண்ணெயிலும் வேண்டும். இரண்டுக்கும் என்ன அளவு என்று கையேட்டில் தனித்தனியாகப் பாருங்கள். மண்ணெண்ணெய் லேசில் ஆவியாகாது, சிலிண்டர் சுவரில் உள்ள ஆயிலையும் கழுவிவிடும். கரைக்கு வருமுன் பெட்ரோலுக்கு மாற்றிக் கொஞ்சம் ஓடவிட்டு நிறுத்துங்கள். இல்லாவிட்டால் மறுநாள் விடியற்காலையில் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் போய்விடும்.