போதகர் மறுத்தால் திருமணம் நின்றுவிடுமா?

கேள்வி: நியூஜெர்சியில் வசிக்கிறோம். என் மகள் தன் தோழியைத் திருமணம் செய்துகொள்ள முடிவு செய்துவிட்டாள். எங்கள் தமிழ்ச் சபையின் போதகர், வேதம் இடம் கொடுக்காததால் நடத்தித் தர முடியாது என்கிறார். அவர் மறுத்தால் அரசு சபையை மூடிவிடுமோ என்று மூப்பர்கள் சிலர் பயப்படுகிறார்கள். சபையில் நடக்காதது கல்யாணமே இல்லை என்கிறார்கள் உறவினர்கள். சட்டம் என்னதான் சொல்கிறது? சபை மண்டபத்தில் வரவேற்பு மட்டுமாவது வைக்க முடியுமா?

பதில்: அம்மா, மூப்பர்களின் பயத்தை முதலில் போக்கிவிடலாம். போதகர் மறுத்தார் என்பதற்காக எந்த அதிகாரியும் சபையின் கதவைத் தட்டப்போவதில்லை. யாருக்குத் திருமண ஆராதனை நடத்துவது என்பது சபையின் உள்விவகாரம். அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் அதில் அரசைத் தலையிட விடாது. மணமுறிவு பெற்றவரின் மறுமணத்தைக் கத்தோலிக்கக் குரு நடத்தி வைக்க மறுப்பதும் இதே பாதுகாப்பின் கீழ்தான். தன்பாலினத் திருமணத்தை நாடு முழுவதும் செல்லுபடியாக்கிய உச்ச நீதிமன்றத்தின் 2015 ஜூன் 26 தீர்ப்பிலேயே, அதை ஏற்காத சமயங்கள் தங்கள் போதனையைத் தொடரலாம் என்று நீதிபதி கென்னடி எழுதியிருக்கிறார். 2022 டிசம்பரில் கையெழுத்தான திருமண மதிப்புச் சட்டம் இன்னும் வெளிப்படையானது: லாபநோக்கற்ற சமய அமைப்புகள் திருமணச் சடங்குக்கோ கொண்டாட்டத்துக்கோ சேவையும் இடமும் தரக் கட்டாயமில்லை; இந்தச் சட்டத்தைக் காட்டி அவற்றின் வரிவிலக்கில் கைவைக்கவும் முடியாது.

மூப்பர்களிடம் ஒரு பழைய கதையையும் சொல்லுங்கள். சபைக்கும் அரசுக்கும் நடுவே ஒரு மதில் என்று அன்றைய அமெரிக்க அதிபர் ஜெஃபர்சன் 1802இல் எழுதியது யாருக்குத் தெரியுமா? கனெக்டிகட் மாநிலத்தின் டான்பரி பாப்டிஸ்ட் சபையினருக்கு. அங்கே அரசின் ஆதரவு பெற்ற பெரிய சபை ஒன்று இருந்தது. அதன் நிழலில் ஒடுங்கிக் கிடந்த சிறிய கூட்டம் இவர்கள். தங்கள் சமயச் சுதந்திரம் அரசின் தயவில் நிற்கக்கூடாது என்று குறைப்பட்டு எழுதியதற்கு வந்த பதில்தான் அது. அந்த மதிலைக் கண்டு உங்கள் சபை பயப்பட ஒன்றுமில்லை. அதனால் மிகுதியாகப் பயன்பெறுவது உங்களைப் போன்ற சிறிய சபைகள்தான்.

அடுத்து உறவினர்கள் சொல்வது. சபைத் திருமணங்களில் ஆராதனை முடிந்ததும் ஓரமாக ஒரு மேசையில் போதகரும் இரண்டு சாட்சிகளும் அரசின் திருமணத் தாள் ஒன்றில் கையெழுத்துப் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். குழப்பத்தின் வேர் அந்தத் தாள்தான். பலிபீடத்தின் முன் நின்றபோது அவர் சபையின் ஊழியர். மேசைக்கு வந்து பேனாவை எடுத்ததும் மாநில அரசு அதிகாரம் கொடுத்த ஒருவராகக் கையெழுத்திடுகிறார். ஒரே ஆள், ஒரே அங்கி. வேலைகள் மட்டும் இரண்டு. சட்டத்தின் கண்ணில் திருமணமாவது இரண்டாவது வேலை. அதை நியூஜெர்சியில் மேயரோ நீதிபதியோகூடச் செய்யலாம். சபையில் நடந்தால்தான் கல்யாணம் என்பது உங்கள் உறவினர்களின் விசுவாசம். அதில் தலையிட நான் யார்? ஆனால் அது சட்டமில்லை.

மறுக்கும் உரிமை போதகருக்கு இருப்பதுபோல் அரசு ஊழியருக்கும் இருக்கிறதா என்று சிலர் கேட்கக்கூடும். இல்லை. கென்டக்கி மாநிலம் ரோவன் கவுன்ட்டியில் திருமண உரிமம் வழங்கும் அதிகாரியான கிளார்க் கிம் டேவிஸ், தன் விசுவாசத்தைக் காரணம் காட்டி 2015இல் திருமண உரிமங்கள் தர மறுத்தார். நீதிமன்ற ஆணையையும் மதிக்காததால் சில நாள் சிறையில் இருந்தார். பிறகு நஷ்டஈட்டு வழக்கிலும் தோற்றார். 2015 தீர்ப்பையே மாற்றக் கோரிய அவருடைய மனுவை 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்கவில்லை. அலபாமாவில் வேறு வழி கண்டார்கள். அங்கே உரிமம் வழங்கும் பொறுப்பில் இருந்த சில நீதிபதிகள் அதையே நிறுத்திக்கொண்டதால், 2019 முதல் உரிமமும் வேண்டாம், சடங்கும் வேண்டாம், படிவத்தை நிரப்பிப் பதிவு செய்தால் போதும் என்று ஆக்கிவிட்டார்கள். எனக்கென்னவோ அது நல்ல ஏற்பாடாகவே படுகிறது. எல்லா மாநிலங்களும் அப்படிச் செய்திருந்தால் உங்கள் மூப்பர்கள் பாதித் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

இந்த விவாதத்தில் எளிதில் மறந்துபோகும் மறுபக்கம் ஒன்று உண்டு. வட கரோலினாவில் தன்பாலினத் திருமணத்துக்குத் தடை இருந்த காலத்தில், உரிமம் இல்லாமல் திருமணச் சடங்கு நடத்தும் போதகர் குற்றவாளி. தன்பாலின இணையருக்கோ உரிமமே கிடைக்காது. எங்கள் விசுவாசப்படி இவர்களை ஆசீர்வதிக்க அரசு தடையாக நிற்கிறது என்று ஐக்கிய கிறிஸ்து சபை 2014 ஏப்ரலில் வழக்குப் போட்டது. அக்டோபரில் அந்தத் தடை நீங்கியது. உங்கள் போதகரின் மறுப்பைக் காக்கும் அதே முதல் திருத்தத்தைத்தான் அந்தப் போதகர்களும் பிடித்துக்கொண்டார்கள்.

மண்டபத்துக்கு வருவோம், சிக்கலான இடம் இதுதான். உங்கள் மாநிலத்திலேயே ஒரு வழக்கு நடந்திருக்கிறது. ஓஷன் குரோவ் கடற்கரையில் மெதடிஸ்ட் அமைப்பு ஒன்றுக்குச் சொந்தமான திறந்த மண்டபத்தை, 2007இல் இரண்டு பெண்கள் தங்கள் சிவில் யூனியன் (திருமணத்துக்கு நிகரான சட்டப்பூர்வ இணைவு) விழாவுக்குக் கேட்டார்கள். அமைப்பு மறுத்தது. ஆனால் பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் என்று உறுதி கொடுத்து அந்த இடத்துக்கு மாநிலத்திடம் வரிவிலக்கு வாங்கியிருந்தார்கள். அதுவரை திருமணத்துக்குக் கேட்டவர்களிடம் என்ன விசுவாசம் என்று விசாரிக்காமல் வாடகைக்கும் விட்டிருந்தார்கள். மறுத்தது பாகுபாடு என்று 2012இல் தீர்ப்பு வந்தது. ஆராதனைக்குரிய ஆலயமாக இருந்திருந்தால் கதை வேறு.

ஆகவே உங்கள் சபை மண்டபம் உறுப்பினர்களுக்கு மட்டுமா, அல்லது கேட்கிறவர்களுக்கெல்லாம் பிறந்தநாள் விழாவுக்கும் இசைக் கச்சேரிக்கும் வாடகைக்குப் போகிறதா என்று பாருங்கள். உறுப்பினர்களுக்கு மட்டும் என்றால் சபையின் பக்கம் பலமாக இருக்கிறது. எல்லாருக்கும் என்றால் மாநிலச் சட்டம் உங்கள் பக்கம் பேச இடமுண்டு. ஆனால் நான் மேலே சொன்ன 2022 சட்டம் அந்தத் தீர்ப்புக்குப் பத்தாண்டு பிந்தையது, கொண்டாட்டத்துக்கான இடத்தையும் பெயர் சொல்லிக் காக்கிறது. இரண்டும் மோதினால் எது நிற்கும் என்று சோதித்துப் பார்க்க உங்கள் மகளின் வரவேற்பு எதற்கு? வேறு மண்டபம் பாருங்கள். மூப்பர்கள் என்னிடம் கேட்டால், வாடகை விதியை எழுத்தில் வைத்து எல்லாருக்கும் ஒரேபோல் நடத்துங்கள் என்பேன்.

இனிச் செய்ய வேண்டியது. மகளோ மருமகளாக வரப்போகிறவரோ வசிக்கும் ஊரின் பதிவாளரிடம் இருவரும் சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும். 18 வயது நிறைந்த ஒரு சாட்சி உடன் வர வேண்டும். கட்டணம் 28 டாலர். 72 மணி நேரம் கழித்தே உரிமம் கையில் வரும். கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் திருமணம் நடந்தாக வேண்டும். கிறிஸ்தவ முறைப்படிதான் வேண்டும் என்று மகள் ஆசைப்பட்டால், எபிஸ்கோபல் சபையிலும் அமெரிக்க பிரஸ்பிட்டேரியன் சபையிலும் (PCUSA) நடத்தித் தரும் போதகர்கள் இருக்கிறார்கள். 2024இல் ஐக்கிய மெதடிஸ்ட் சபையும் தன் தடையை நீக்கிக்கொண்டது. அங்கேயும் ஒவ்வொரு போதகரின் விருப்பம்தான். ஆகையால் தேதி குறிப்பதற்கு முன்பே பேசிவிடுங்கள். திருமணம் பதிவானதும் சான்றிட்ட நகல்களைக் கூடுதலாகவே வாங்கி வையுங்கள். மருத்துவக் காப்பீட்டில் பெயர் சேர்க்கவும் குடும்பப்பெயர் மாற்றவும் அதைத்தான் கேட்பார்கள்.