வீட்டிலேயே ஊற்றிக் கொடுத்தால் அளவோடு நிற்பானா?

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கும் என் மகன் நண்பன் வீட்டில் பீர் குடித்தது தெரியவந்தது. 'அடித்தால் ஒளிந்து குடிப்பான், நம் கண்ணெதிரே கொஞ்சம் கொடுத்துப் பழக்கினால் அளவோடு நிற்பான்' என்கிறார் என் மைத்துனர். நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் குடிப்பவன்தான். என்ன செய்யட்டும்?

பதில்: கொடுக்காதீர்கள். அடிக்க வேண்டாம் என்பது வரை மைத்துனர் சொல்வது சரி. மிச்சத்தை ஆஸ்திரேலியாவில் ஏற்கெனவே ஆராய்ந்துவிட்டார்கள். 1,900-க்கும் அதிகமான பிள்ளைகளை ஆறு வருடம் தொடர்ந்து கவனித்து 2018-ல் முடிவை வெளியிட்டார்கள்: பெற்றோர் கையால் வாங்கிக் குடித்ததால் எந்தப் பாதுகாப்பும் கிடைக்கவில்லை, அந்தப் பிள்ளைகள் அடுத்த வருடம் வெளியிலும் வாங்கிக் குடிக்கும் வாய்ப்புதான் கூடியிருந்தது. அப்பாவே ஊற்றிக் கொடுத்த பிறகு, நண்பன் நீட்டும்போது வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு என்ன காரணம் மிச்சமிருக்கும்? சட்டமும் உங்களை விடாது. மருத்துவர் சொல்லாமல் 18 வயதுக்குக் கீழுள்ள பிள்ளைக்கு மது கொடுப்பவர் யாராக இருந்தாலும் ஏழு வருடம் வரை கடுங்காவல் என்கிறது 2015-ஆம் வருட சிறார் நீதிச் சட்டம்.

அப்புறம் உங்கள் ஞாயிற்றுக்கிழமை. தண்ணீர் பாட்டிலும் மிக்சரும் எடுத்து வரச் சொல்லி நீங்கள் கூப்பிடுவது யாரை? மகனைத்தான் என்றால் அவனுக்குப் பாடம் எப்போதோ ஆரம்பித்துவிட்டது. முதலில் அதை நிறுத்துங்கள், இதைக் கோபத்தில் சொல்லவில்லை, அவனிடம் பேச உட்காரும்போது உங்கள் வாய்ச்சொல்லுக்கு மதிப்பு வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அடிக்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது என்றால் வேறென்ன வழி? ஐஸ்லாந்தைப் பாருங்கள். அங்கே 1998-ல் 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர் முந்தைய ஒரு மாதத்தில் போதையேறக் குடித்திருந்தார்கள். 2016-ல் அது 5 சதவீதம். பிள்ளைகளுக்கு விளையாட்டு, இசை என்று மாலை நேரத்தை நிரப்ப அரசும் நகராட்சிகளும் பணம் போட்டன, இரவு பத்துக்கு மேல் தனியே சுற்றக் கூடாது என்ற விதியைக் கறாராக்கினார்கள் (கோடையில் மட்டும் நள்ளிரவு வரை). ஆனால் எனக்குப் பெரிதாகத் தெரிவது பெற்றோர் செய்ததுதான். ஒரே வகுப்புப் பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள் கூடிப் பேசி, பெரியவர்கள் இல்லாத வீட்டில் பார்ட்டிக்கு விடுவதில்லை, யாரும் பிள்ளைக்கு மது வாங்கித் தருவதில்லை என்று கையெழுத்தே போட்டார்கள். வார இறுதி இரவுகளில் தெருவில் சேர்ந்து நடந்து பார்த்துக்கொண்டார்கள்.

உங்களுக்கு ஊரைத் திரட்ட வேண்டிய வேலை இல்லை. மகன் குடித்த அன்று அந்த நண்பன் வீட்டில் பெரியவர்கள் இருந்தார்களா? தெரியாது என்றால் இன்று ராத்திரியே அந்தப் பையனின் அப்பாவுக்கு ஒரு போன் போடுங்கள்.