மகளைக் கூடைப்பந்து விடுதியில் சேர்க்கலாமா?

கேள்வி: என் மகள் எட்டாம் வகுப்பு முடிக்கப் போகிறாள். வயதுக்கு மீறிய உயரம். பள்ளியில் கூடைப்பந்து நன்றாக ஆடுகிறாள். விளையாட்டு விடுதித் தேர்வுக்கு அனுப்பச் சொல்கிறார் பி.டி. டீச்சர். "பந்து சோறு போடுமா? நாலு வருஷத்தில் கட்டிக்கொடுக்க வேண்டிய பிள்ளை" என்கிறார் கணவர். எனக்கு ஆசையும் இருக்கிறது, பயமும் இருக்கிறது. என்ன செய்யட்டும்?
- ஒரு தாய், பாலக்கோடு

பதில்: அனுப்புங்கள் சகோதரி.

சோறு போடுமா என்று உங்கள் கணவர் கேட்பது நியாயம்தான். போடும். ஆனால் கிரிக்கெட் மாதிரி கோடிகளில் ஏலம் போகிற வழி இதில் இல்லை. நம் நாட்டில் கூடைப்பந்து ஆடும் பெண்ணுக்குப் பிழைப்பு தருவது பெரும்பாலும் விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைக்கும் வேலை. ரயில்வே அப்படி ஆள் எடுக்கிறது. தமிழக அரசுப் பணிகளிலும் 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. சென்னையின் அனிதா பால்துரை தெற்கு ரயில்வே ஊழியர். 2001 முதல் 2017 வரை இந்தியாவுக்கு ஆடினார், அணித் தலைவியாக இருந்தார். குழந்தை பிறந்த பிறகும் களத்துக்குத் திரும்பினார். 2021-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. இதை உங்கள் கணவரிடம் அவசியம் சொல்லுங்கள்.

வெளிநாட்டு லீக் ஆசை மகளுக்கு இருந்தால் கேரளத்தின் கீத்து அன்னா ஜோஸைப் பற்றிச் சொல்லலாம். அவரும் தெற்கு ரயில்வேதான். ஆஸ்திரேலிய கிளப்புக்கு ஆடினார். 2011-ல் அமெரிக்காவின் பெண்கள் தொழில்முறை கூடைப்பந்து லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ. அணிகள் அவரைத் தேர்வுக்கு அழைத்தன, இடம் கிடைக்கவில்லை. அவ்வளவு குறுகலான வாசல் அது. அதனால் படிப்பை விடக் கூடாது. ஒதுக்கீட்டு வேலைக்கும் கல்வித் தகுதி கேட்பார்கள், கல்லூரியிலும் விளையாட்டு இடம் உண்டு. மாவட்ட, மாநிலப் போட்டிச் சான்றிதழ் ஒவ்வொன்றையும் பத்திரப்படுத்துங்கள்.

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணைய விடுதிகளில் தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் இலவசம். ஒன்பதாம் வகுப்பில் சேர இதுவே நேரம். விவரம் தருமபுரி மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் கிடைக்கும். உயரத்தை மட்டும் நம்பிப் போக வேண்டாம். இடது கையாலும் பந்தைத் தட்டிக்கொண்டு ஓட இப்போதே பழகட்டும்.

அப்புறம் உடம்பு. குதித்து இறங்கும்போது முழங்கால் ஜவ்வு கிழிவது பையன்களைவிடப் பெண் பிள்ளைகளுக்கு அதிகம். முட்டியை மடக்கி, இரண்டு காலிலும் மெத்தென்று இறங்கச் சொல்லித் தருகிறார்களா என்று பயிற்சியாளரிடம் கேளுங்கள். லீவுக்கு வரும்போது களியோடு முட்டையும் பருப்பும் தாராளமாகப் போடுங்கள். மாதவிடாய் சில மாதம் நின்றுபோனால் "விளையாடுற பிள்ளைக்கு அப்படித்தான்" என்று விடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

நாலு வருஷத்தில் கல்யாணம் என்றால் அவளுக்குப் பதினேழு வயதுதான் இருக்கும். பதினெட்டுக்கு முன் கட்டிக்கொடுப்பது குற்றம். நம் பக்கத்தில் இன்னும் அது நடக்கிறது என்பதால் அழுத்திச் சொல்கிறேன்: அந்தப் பேச்சுக்கு வீட்டில் இடமே கொடுக்காதீர்கள்.

உங்கள் பயத்துக்கு ஒரு வழி இருக்கிறது. இடம் கிடைத்ததும், சேர்ப்பதற்கு முன் கணவரையும் கூட்டிக்கொண்டு விடுதியைப் போய்ப் பாருங்கள். பெண் வார்டன் இருக்கிறாரா, வெளியூர் போட்டிக்கு யார் துணைக்குப் போவார்கள், வீட்டுக்கு எப்போது போன் பேசலாம் என்று அவரே கேட்கட்டும்.