லங்காவியிலிருந்து திருகோணமலைக்குப் பாய்ப்படகு: உள்துறைமுகம் முதலில், உப்புவெளி பிறகு

உப்புவெளியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "கனடாக் குடியுரிமையுள்ள என் அண்ணன் மலேசியாவின் லங்காவியில் ஓர் ஆங்கிலேயரிடம் 34 அடிப் பாய்ப்படகு வாங்கியிருக்கிறார். ஜனவரியில் இரண்டு நண்பர்களோடு திருகோணமலைக்கு ஓட்டி வர நினைக்கிறார். என்ன பத்திரங்கள் வேண்டும்? முதலில் எங்கள் வீட்டுக் கரைக்கு முன்னால் நங்கூரம் போட்டுவிட்டுப் பிறகு துறைமுகத்துக்குப் போகலாமா? படகை இங்கேயே என்னிடம் விட்டுப் போகலாமா?"

இரண்டாவது கேள்விக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். கூடவே கூடாது. வெளிநாட்டிலிருந்து வரும் படகு முதன்முதலில் தரிக்க வேண்டிய இடம், நுழைவுத் துறைமுகமாக அறிவிக்கப்பட்ட இடம்தான். திருகோணமலை உள்துறைமுகம் அப்படிப்பட்டது. உப்புவெளியும் நிலாவெளியும் அல்ல. அங்கே ஓர் இரவு தங்கினால்கூட, அனுமதியின்றி நாட்டுக்குள் இறங்கியதாகவே குடிவரவும் கடற்படையும் பார்க்கும். நீங்களும் ஆசையில் வள்ளம் எடுத்துக்கொண்டு எதிர்கொள்ளப் போக வேண்டாம். சுங்கப் பரிசோதனைக்கு முன் அந்தப் படகிலிருந்து ஒரு பை உங்கள் வள்ளத்துக்கு மாறினாலும், அதில் வெறும் சொக்லேட் இருந்தாலும், இரு தரப்புக்கும் வில்லங்கம்தான்.

இனிப் பத்திரங்கள். கடலில் எல்லை கண்ணுக்குத் தெரியாது. மலேசியாவை முறைப்படி விட்டு இலங்கைக்குப் புறப்பட்டதற்குச் சாட்சி, லங்காவியில் வாங்கும் துறைமுக விடுகைப் பத்திரம்தான். எல்லோரும் 'போர்ட் கிளியரன்ஸ்' என்று சொல்வது அதைத்தான். அங்கே துறைமுக அதிகாரி, குடிவரவு, சுங்கம் மூன்றிடமும் போக வேண்டும். அடுத்த துறைமுகம் என்ற இடத்தில் 'திருகோணமலை, இலங்கை' என்று தெளிவாக எழுதியிருக்கிறதா என்று மேசையை விட்டு நகருமுன் பார்க்கச் சொல்லுங்கள். வேறு பெயர் விழுந்திருந்தால் இங்கே விளக்கம் சொல்லியே ஒரு நாள் போய்விடும். கடவுச்சீட்டில் வெளியேறும் முத்திரை விழுந்தபின் 'இன்னும் இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகலாம்' என்று மரினாவில் தங்குவதும் தவறு.

உங்கள் அண்ணன் விடயத்தில் எனக்குக் கவலை தருவது படகின் பதிவு. விற்றவர் ஆங்கிலேயர் என்பதால் படகு இதுவரை பிரித்தானியக் கொடியில் இருந்திருக்கலாம். விற்பனைப் பத்திரம் மட்டும் போதாது. பழைய பதிவு நீக்கப்பட்டதற்கான சான்றும், புதிய கொடியின் பதிவும் கையில் இருக்க வேண்டும். கனடாவில் உல்லாசப் படகு லைசன்ஸ் என்று ஒன்று கொடுப்பார்கள். அது படகுக்கு ஓர் இலக்கம் தருமே தவிர, உரிமைக்குச் சான்றாகாது. எல்லை தாண்டும் படகுக்குக் கனடியக் கப்பல் பதிவேட்டுப் பதிவைத்தான் நம்ப வேண்டும்.

கொடி மாறினால் ரேடியோவின் ஒன்பது இலக்க அடையாள எண்ணும் மாற வேண்டும். பிரித்தானியப் படகுகளின் எண் 232 முதல் 235 வரையான இலக்கங்களில் தொடங்கும், கனடாவினது 316. பின்னால் கனடியக் கொடியும், படகுகளின் அடையாளத்தையும் இடத்தையும் காட்டும் ஏ.ஐ.எஸ் திரையில் 235 எண்ணும் இருந்தால், கடற்படைக்காரருக்கு முதல் சந்தேகம் அங்கேயே வந்துவிடும். ஆபத்துக்காலத்தில் மீட்பு நிலையத்துக்குச் சமிக்ஞை அனுப்பும் 406 மெகாஹேர்ட்ஸ் பீக்கனையும் புதிய பெயரில் பதிய வேண்டும். இல்லாவிட்டால் நடுக்கடலில் அதை அழுத்தும்போது மீட்பு நிலையத்தார் பழைய உரிமையாளரின் வீட்டுக்குத்தான் போன் எடுப்பார்கள்.

மற்றவை சில்லறை வேலைகள். படகோட்டிகள் பெயர்ப்பட்டியல் பத்துப் பிரதி, கடவுச்சீட்டுப் பிரதிகள், கடல்சார் சுகாதாரப் பிரகடனம், படகிலுள்ள பொருட்பட்டியல். மதுபானம், மருந்துகள், ட்ரோன், சற்றலைட் போன், உதிரி எஞ்சின் எல்லாம் பட்டியலில் வரட்டும். படகின் பெயரும் பதிவு இலக்கமும் கொண்ட ஒரு ரப்பர் முத்திரை செய்துகொள்ளச் சொல்லுங்கள். கையெழுத்துக்குப் பக்கத்தில் அந்த நீல வட்டம் விழுந்த பட்டியல் எந்த மேசையிலும் திரும்பி வருவதில்லை. நம் பக்கத்து அலுவலகங்களில் முத்திரைக்கு இருக்கும் மதிப்பு அப்படி. மூவருக்கும் இலங்கையின் இணையவழிப் பயண அனுமதியைப் புறப்படுமுன்பே எடுத்து அச்சிட்டு வைக்க வேண்டும். திருகோணமலையில் ஒரு கப்பல் முகவரையும் முன்கூட்டியே அமர்த்துங்கள். முகவர் இல்லாமல் இந்த வேலை இங்கே நகராது. அவருடைய கட்டணத்தில் எவையெல்லாம் அடங்கும் என்று எழுத்தில் கேளுங்கள்.

காலம்: ஜனவரி நடுப்பகுதியிலிருந்து பெப்ரவரி முடியும்வரை நல்லது. வாடை சீராக வீசும். விரிகுடாப் புயல்களின் கெடுகாலமான ஒக்டோபர், நவம்பர், டிசம்பர் கடந்திருக்கும். மார்ச் பிற்பகுதியில் காற்று செத்துவிடும்.

தூரம் ஏறக்குறைய 1,100 கடல் மைல். மணிக்கு 5 மைல் என்றால் ஒன்பது, பத்து நாள். ஆனால் வரைபடத்தில் நேர்கோடு போட்டால் அது கிரேட் நிக்கோபார் தீவின்மேல் ஏறும். அது இந்தியாவின் கட்டுப்படுத்தப்பட்ட பகுதி, அனுமதியின்றி அணுகக்கூடாது. தீவின் தென்முனை வட அகலாங்கு 6 பாகை 45 கலையில் இருக்கிறது. அதைக் கடக்கும்போது படகு 6 பாகை 30 கலைக்கு மேலே ஏறாமல் இருந்தால் 15 கலை, அதாவது 15 மைல் இடைவெளி கிடைக்கும், 12 மைல் ஆட்புலக் கடலுக்கு வெளியே நிற்கலாம். மலாக்கா நீரிணையிலிருந்து மேற்கே போகும் கப்பல்களில் பெரும்பாலானவை தீவுக்கும் சுமாத்திராவுக்கும் இடையிலான இந்த வாய்க்கால் வழியாகத்தான் போகும். கடக்க வேண்டியிருந்தால் செங்குத்தாகக் கடந்து, பிறகு கப்பல் பாதைக்கு ஒதுங்கி ஓடட்டும். காற்றே இல்லாத நேரத்தில்கூட அந்தமான் கடலில் நீண்ட கோடாக நுரைத்துக் கொதிக்கும் நீர்ப்பட்டைகள் வரும். ஆழத்தில் நகரும் உள்ளலைகளின் வேலை அது, பாறையல்ல. மேற்தளத்தில் கட்டாத சாமான் பறக்கும், அவ்வளவுதான்.

தண்ணீர் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லீற்றர், மூன்று பேருக்கு 15 நாள் கணக்கில் 180 லீற்றர். ஒரே தொட்டியில் வேண்டாம். தொட்டியில் உப்புநீர் கலந்தால் எல்லாமே போய்விடும். பாதியையாவது 20 லீற்றர் கான்களில் வைக்கட்டும். எஞ்சின் மணிக்கு 3 லீற்றர் டீசல் குடித்தால் 120 லீற்றருக்கு 40 மணி நேரம், 200 மைல். வழியில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. அதனால் டீசல் துறைமுக வாசலுக்கும் பற்றரி சார்ஜுக்கும்தான்.

அந்த வாசலில்தான் எஞ்சின் நிற்கும். காரணம் உண்டு. மரினாவில் பல மாதம் கட்டிக் கிடந்த படகின் தொட்டியடியில் கறுப்புச் சேறு படிந்திருக்கும். பத்து நாள் ஆட்டத்தில் அது கலங்கி மேலே வந்து ஃபில்டரை அடைக்கும். வெளியே பாயில் வந்ததால் யாருக்கும் தெரியாது. பாயை இறக்கி எஞ்சினைப் போட்டுப் பத்தாவது நிமிடத்தில் இருமத் தொடங்கும். ஆகவே புறப்படுமுன் தொட்டியைக் கழுவி, ஃபில்டர் ஆறாவது கையில் வைத்து, அடைந்ததை மாற்றிக் காற்று எடுப்பதை மூவரும் கண்ணை மூடிக்கொண்டு செய்யப் பழக வேண்டும். கரைக்கு 30 மைல் இருக்கும்போது ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிடட்டும்.

இரவில் உள்ளே வர வேண்டாம். வாடை படகைக் கரைப்பக்கம் தள்ளும் காலம் அது. வெளியே வலைகள் மிதக்கும், சிலவற்றில் வெளிச்சமே இருக்காது. மழை கண்டால் மகாவலி கொட்டியாற்றுக்குடாவில் மரக்கட்டைகளைக் கொண்டுவந்து தள்ளும். 20 மைல் வெளியே பாயைச் சுருக்கி நிறுத்தி விடியும்வரை காத்திருப்பதே சரி. கொட்டியாற்றுக்குடாவின் நடுப்பகுதி கடலடிப் பள்ளத்தாக்கு, நங்கூரம் அடி தொடாது.

கரையை நெருங்கியதும் வி.எச்.எஃப் 16ஆம் அலைவரிசையில் துறைமுகக் கட்டுப்பாட்டை அழைத்து, படகின் பெயர், கொடி, ஆட்கள், கடைசித் துறைமுகம், வந்து சேரும் நேரம் சொல்ல வேண்டும். நேரத்தை இலங்கைக் கணக்கில் சொல்லட்டும். மலேசிய மணிக்கூட்டை மாற்ற மறந்தால் இரண்டரை மணி நேரம் முன்னால் நிற்கும். பாய்மரத்தின் வலப்பக்கக் குறுக்குச்சட்டத்தில், இன்னும் நுழைவு அனுமதி பெறவில்லை என்று காட்டும் மஞ்சள் கொடி ஏற வேண்டும். எல்லாம் முடியும்வரை யாரும் கரையில் கால் வைக்கக்கூடாது. அனுமதி கிடைத்ததும் மஞ்சளை இறக்கி இலங்கைக் கொடி. பச்சை, செம்மஞ்சள் பட்டைகள் கயிற்றுப் பக்கம் இருக்க வேண்டும்.

வழியில் படகு பழுதாகி அந்தமானின் போர்ட் பிளேயருக்கு (இப்போதைய பெயர் ஸ்ரீ விஜயபுரம்) ஒதுங்க நேர்ந்தால் ஒரு எச்சரிக்கை. துராயா, இரிடியம் சற்றலைட் போன்களை அனுமதியின்றி வைத்திருப்பது இந்தியாவில் குற்றம். ஒளிக்காமல் முதல் அழைப்பிலேயே சொல்லிவிட வேண்டும்.

கடைசிக் கேள்வி, படகை உங்களிடம் விடுவது. வந்துபோகும் படகாக அனுமதித்தது ஒன்று. இங்கேயே தங்குவது இறக்குமதி. அதற்கு இறக்குமதிக் கட்டுப்பாட்டுத் திணைக்களமும் சுங்கமும் வேறு கணக்குப் போடும். அண்ணன் 'சும்மா பார்க்க வந்தேன்' என்று எழுதிக் கொடுத்து உள்ளே வந்து, விமானத்தில் ஏறிப் போனால், படகோடு நிற்பவர் நீங்கள். விடுவதுதான் திட்டமென்றால் லங்காவியில் கயிறு அவிழ்க்குமுன் முகவர் மூலம் வரி எவ்வளவு, அனுமதி கிடைக்குமா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் பங்குக்கு ஒரு வேலை இருக்கிறது. தினமும் ஒரே நேரத்தில் அண்ணன் அனுப்பும் இடக்குறிப்பை ஒரு கொப்பியில் எழுதுங்கள். எத்தனை மணி நேரம் செய்தி வராவிட்டால் கொழும்புக் கடல்சார் மீட்பு ஒருங்கிணைப்பு நிலையத்துக்குச் சொல்வது என்று புறப்படுமுன் இருவரும் பேசி முடிவெடுங்கள். 24 மணி நேரம் என்று வைக்கலாம். படகின் நிறம், பாயின் நிறம், அந்த ஒன்பது இலக்க எண், மூவரின் பெயர்கள் அந்தக் கொப்பியின் முதல் பக்கத்தில் இருக்கட்டும்.